ஸீவியஸ்: 16 ஏரியாக்களையும் தாண்ட ஒரு முழுமையான வழிகாட்டி

ஸீவியஸ் என்பது 1982-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் உருவாக்கிய ஆர்கேட் ஆட்டம்; கப்பலை மேல்நோக்கி ஓட்டிக்கொண்டே வானிலும் தரையிலும் இருக்கும் எதிரிகளைச் சுட வேண்டும், வழி 16 ஏரியாக்களாக, அதாவது கட்டங்களாகப் பிரிந்திருக்கும். அதைப் புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் உயிரை விடுகிறார்கள். தரையில் ஒரு பீரங்கி மேடை தெரியும். அதன்மேல் குண்டு போடக் கண்ணைக் கீழே பதிப்பார்கள். அந்த ஒரு நொடியில் மேலிருந்து வந்த தோட்டா கப்பலைச் சிதறடித்துவிடும். சரி, அடுத்த உயிரில் வானத்தையே பார்ப்போம் என்று ஆடினால், கவனிக்காமல் விட்ட அதே பீரங்கி கீழிருந்து சுட்டு வீழ்த்தும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் கண் வைக்க யாராலும் முடியாது. நம் கை வேகம் போதவில்லை என்று நினைத்துப் பலர் இங்கேயே ஆட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

கை வேகத்துக்கும் இதற்கும் அவ்வளவாகச் சம்பந்தமில்லை. இந்த ஆட்டத்தில் தரை எப்போதும் ஒன்றுதான். எந்தக் காட்டை அடுத்து எந்தப் பீரங்கி, எந்த ஆற்றங்கரையில் எத்தனை மேடை என்பதெல்லாம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறாது. வானம் அப்படியில்லை. நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே, அதற்கேற்ப எதிரிகளை அனுப்பும். ஆகவே தரையை நினைவில் ஏற்றிவிட்டு, கண்ணை முழுக்க வானத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். கீழே சொல்லியிருக்கும் எல்லா முறைகளும் இதிலிருந்து வருபவைதான்.

முதல் படி: இரண்டு ஆயுதங்களும் அந்தச் சிறிய குறியும்

உங்கள் கப்பலின் பெயர் சோல்வாலு. எட்டுத் திசை ஜாய்ஸ்டிக், இரண்டு பட்டன்கள். ஒன்று ஸாப்பர், இது நேராக மேல்நோக்கிச் சுடும், பறக்கும் எதிரிகளை மட்டும் அழிக்கும். இன்னொன்று பிளாஸ்டர், இது தரைக்குக் குண்டு போடும், தரையில் இருப்பதை மட்டும் அழிக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. தரையில் இருக்கும் எதுவும் உங்கள் மீது மோதாது, அதன் மேலேயே தாராளமாகப் பறக்கலாம். அது சுடும் தோட்டாவுக்கு மட்டும்தான் பயப்பட வேண்டும்.

கப்பலுக்கு முன்னால் எப்போதும் ஒரே தூரத்தில் ஒரு குறி நகர்ந்துகொண்டே வரும். பிளாஸ்டரை அழுத்தினால் குண்டு அந்தக் குறி இருந்த இடத்தில் போய் விழும். ஆட்டத்தின் உயிரே இந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. தரையில் ஒன்றை அழிக்க வேண்டுமென்றால் நீங்கள் அதற்கு நேர் கீழே, குறிப்பிட்ட தூரத்தில் நின்றாக வேண்டும். ஆக, தரையில் இருக்கும் ஒவ்வொரு பீரங்கியும் நீங்கள் எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. பறக்கும் எதிரியோ நீங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துச் சுடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எப்படி நகர்வது என்பதுதான் நாம் கற்க வேண்டியது.

குண்டைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, ஒரு குண்டு விழுந்து வெடிக்கும் வரை அடுத்ததைப் போட முடியாது. அவசரத்தில் தவறான இடத்தில் போட்டுவிட்டால், அது வெடிக்கும் வரை உங்களிடம் தரை ஆயுதமே இல்லை என்று அர்த்தம். இரண்டாவது, பட்டனை அழுத்திய பிறகு நீங்கள் அங்கேயே நிற்க வேண்டியதில்லை. குண்டு எங்கே விழும் என்பது அந்தக் கணத்திலேயே முடிவாகிவிட்டது. அழுத்தினோமா, நகர்ந்தோமா என்று இருக்க வேண்டும். குண்டு விழுவதை வேடிக்கை பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். புதியவர்கள் உயிரிழப்பது பெரும்பாலும் அந்த அரை நொடியில்தான்.

பயிற்சிக்கு ஒரு எளிய வழி: முதல் ஏரியாவில் மதிப்பெண்ணை மறந்துவிட்டு, ஒவ்வொரு தரை இலக்குக்கும் ஒரே ஒரு குண்டு என்று வைத்துக்கொண்டு ஆடுங்கள். குறி இலக்கின் மேல் வரும்போது ஒளிரும். ஆரம்பத்தில் அந்த ஒளிர்வைப் பார்த்து அழுத்துவீர்கள். கொஞ்சம் பழகியதும் ஒளிரும் முன்பே கை அழுத்தும். கை அந்த நிலைக்கு வந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

இரண்டாம் படி: எங்கே நிற்பது

திரையின் அடிவிளிம்பில் ஒட்டிக்கொண்டு ஆடுவது பாதுகாப்பாகத் தோன்றும். அது சரியல்ல. அங்கே நின்றால் பின்வாங்க இடமில்லை, தரைப் பீரங்கிகள் திரையின் நடுப்பகுதிக்கு இறங்கி வந்து, இரண்டு மூன்று முறை சுட்ட பிறகுதான் உங்கள் குறிக்குள் வரும். அடியிலிருந்து கொஞ்சம் மேலே, கீழே ஓரிரு கப்பல் அளவுக்கு இடம் விட்டு நில்லுங்கள். ஆபத்தான மேடை ஒன்று வரப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே மேலே ஏறி, அது திரைக்குள் நுழைந்ததும் அடித்துவிட்டு உடனே பழைய உயரத்துக்கு இறங்கிவிடுங்கள்.

எதிரித் தோட்டாக்கள் சுடப்படும் கணத்தில் நீங்கள் இருந்த இடத்தை நோக்கி நேர்கோட்டில் வரும், நடுவில் வளைந்து துரத்தாது. அதனால் பெரிதாகத் துள்ள வேண்டிய அவசியமே இல்லை. கப்பலின் அகலத்துக்கு நகர்ந்தால் போதும். திரையின் ஒரு ஓரத்திலிருந்து மெதுவாக மறு ஓரம் நோக்கி, ஒரே திசையில் நகர்ந்தபடி ஆடினால் தோட்டாக்கள் எல்லாம் உங்களுக்குப் பின்னால் போய் விழும். இடமும் வலமுமாக மாறி மாறி ஆட்டினால், முன்பு தப்பித்த தோட்டாவின் பாதையிலேயே நீங்களாகப் போய் விழுவீர்கள். ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் மட்டும் சற்றுக் கீழே இறங்கி, வளைந்து திரும்புங்கள். மூலையில் சிக்குவதைத் தவிர்க்க இதை விட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மூன்றாம் படி: வானத்தில் வருபவை

ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு குணம் உண்டு. அது தெரிந்துவிட்டால் வடிவத்தைப் பார்த்ததுமே அடுத்து என்ன செய்யும் என்று சொல்லிவிடலாம்.

டோராய்ட் வளைய வடிவம். உங்களை நோக்கிப் பாய்ந்து வரும், உங்கள் நேர்வரிசைக்கு வந்ததும் சுழன்றபடி பக்கவாட்டில் ஓடிவிடும். நேருக்கு நேர் வந்த பிறகு சுடலாம் என்று காத்திருந்தால் அதற்குள் திரும்பிவிடும், வரும் வழியிலேயே அடியுங்கள். 30 பாயிண்ட்தான். டோர்கன் உள்ளே வந்து, ஒரு கணம் நின்று, ஒரு தோட்டா சுட்டுவிட்டு ஓடும். அது நிற்கும் அந்தக் கணம்தான் அதைச் சுட வேண்டிய கணம், நீங்கள் நகர வேண்டிய கணமும் அதுவே. கிட்டோ ஸ்பாரியோ பார்ப்பதற்குத் தோட்டா மாதிரியே வேகமாக வரும், ஆனால் ஸாப்பரால் அழியும்.

ஸோஷி தாறுமாறாகத் திசை மாற்றிக்கொண்டு பறக்கும். ஆட்டம் முன்னேறிய பிறகு பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும்கூட வரும். அடிவிளிம்பில் ஒட்டி ஆடக் கூடாது என்று சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான். ஸாப்பர் மேல்நோக்கி மட்டுமே சுடும் என்பதால், கீழிருந்து வருவதைச் சுட முடியாது, ஒதுங்கி வழிவிட வேண்டும். அது உங்களைத் தாண்டி மேலே போன பிறகு வேண்டுமானால் பின்னாலிருந்து அடித்துக்கொள்ளலாம்.

ஜாரா ஜோடியாக வரும், 150 பாயிண்ட். கபி உள்ளே பாய்ந்து, திடீரென வேகத்தைக் குறைத்து, சுட்டுக்கொண்டே பின்வாங்கும், 300. டெராஸியும் அதே மாதிரிதான், ஆனால் இன்னும் கொடூரமாகச் சுடும், 700. இந்த இரண்டும் கூட்டமாக வரத் தொடங்கினால் தரையை ஒரு கணம் முழுவதும் விட்டுவிடுங்கள். முதலாவது பின்வாங்கித் திரும்பும் முன்பே அதை வீழ்த்திவிட்டால் கூட்டத்தில் ஒரு சந்து கிடைக்கும், அதன் வழியாக நகரலாம். எல்லாவற்றையும் கொல்ல வேண்டும் என்ற ஆசை இங்கே உதவாது. அவை தாமாகவே போய்விடும், போகும் வரை உயிரோடு இருந்தால் போதும்.

ஸகாடோ கறுப்பு உருண்டை. எங்கிருந்தோ திடீரெனத் தோன்றி, வெடித்துத் தோட்டா விடும். பிராக் ஸகாடோ ஒரே சமயத்தில் பல தோட்டாக்களைச் சிதறவிடும். காரு ஸகாடோதான் இதில் பெரியது, 1000 பாயிண்ட். இது மெதுவாக இறங்கி வந்து வெடித்தால் சுற்றிலும் தோட்டாக்கள் பறக்கும், இடைவெளி தேடுவது பெரும்பாடு. பார்த்ததும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதன் நேர் கீழே போய் ஸாப்பரைக் கொட்டுங்கள். இந்த ஆட்டத்தில் துணிந்து நேரே போக வேண்டிய ஒரே பறக்கும் எதிரி இதுதான் என்பேன்.

கடைசியாக பக்யூரா. சுழன்றபடி இறங்கி வரும் பளபளக்கும் பலகைகள். ஸாப்பர் பட்டால் 'டிங்' என்று சத்தம் வரும், வேறு ஒன்றும் ஆகாது. 256 முறை சுட்டால் உடையும் என்று ஜப்பானில் அந்தக் காலத்தில் பெரிய வதந்தியே இருந்தது. நம்ப வேண்டாம், எத்தனை சுட்டாலும் திரையை விட்டுப் போகும் முன் அது உடையாது. பலகை சுடவும் சுடாது, துரத்தவும் துரத்தாது, நேராக இறங்குகிறது, அவ்வளவுதான். அதனால் பலகைகளுக்கு நடுவில் ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, முடிந்தவரை அதிலேயே நில்லுங்கள். ஆபத்து பலகையால் அல்ல, பலகைகளுக்கு நடுவே கீழிருந்து சுடும் பீரங்கிகளால் வருகிறது. ஸாப்பர் தோட்டாக்களைப் பலகைகள் தடுத்துவிடும். ஆனால் குண்டு தரைக்குத்தான் போகிறது, பலகை அதற்குத் தடையில்லை. பலகைகள் வரும்போது பிளாஸ்டர் மீது கவனத்தை வையுங்கள்.

நான்காம் படி: தரையில் எதை முதலில்

பாரா என்பது வெறும் பிரமிடு, 100 பாயிண்ட், சுடாது. அதற்காக ஒரு அங்குலம்கூட வழி மாறத் தேவையில்லை. வழியில் வந்தால் போடுங்கள். லோகிராம் குவிமாடம் திறந்து சுடும், 300. டோமோகிராம் நகர்ந்துகொண்டே சுடும், 800. அது போகும் திசையில் சற்று முன்னால் குறி வைக்க வேண்டும். டெரோட்டா 1000 பாயிண்ட், லோகிராமை விட ஆபத்தானது. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் டெரோட்டாவைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

போஸா லோகிராம் என்பது நான்கு லோகிராம்கள் சுற்றி நிற்க, நடுவில் ஒரு மையம். நடுவில் குண்டு போட்டால் நான்கும் சேர்ந்து அழியும், மதிப்பெண்ணும் அதிகம். புதியவர்கள் ஓரத்தில் இருப்பதிலிருந்து தொடங்கி நான்கு குண்டைச் செலவழிப்பார்கள், அதற்குள் மற்றவை சுட்டுக்கொண்டே இருக்கும். குரோப்டா என்பது டாங்கி. சில வகைகள் உங்கள் குறி மேலே வந்ததும் அல்லது குண்டு போட்டதும் விலகி ஓடும். ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும், பாயிண்டும் அதற்கேற்ப மாறும். ஸீவியஸை வடிவமைத்த மசனோபு எண்டோவுக்கு இந்த டாங்கி எவ்வளவு பிடித்திருந்தது என்றால், 1984-இல் இதை நாயகனாக வைத்துத் தனி ஆட்டமே வந்தது. உயிர் பிழைப்பதுதான் நோக்கம் என்றால் குரோப்டாவைத் துரத்த வேண்டாம்.

இனி ஸோல்பாக். இதற்கு ஒரு பத்தி போதாது, ஆனாலும் சொல்கிறேன். குவிமாடம் போன்ற ரேடார் நிலையம், 200 பாயிண்ட்தான், சுடாது. பார்த்தால் அலட்சியமாகத் தோன்றும். ஆனால் மேலே சொன்னேனே, வானம் நீங்கள் ஆடுவதைப் பார்த்து மாறும் என்று, அந்தக் கணக்கைக் குறைப்பது இதுதான். நீங்கள் நன்றாக ஆடி உயிரோடு முன்னேற முன்னேற, டோராய்டுக்குப் பதிலாக டோர்கன், அப்புறம் ஜாரா, கபி, டெராஸி என்று கடினமான கூட்டங்கள் வரும். ஸோல்பாக்கை அழித்தால் அந்தக் கடினம் இறங்கும். அதாவது இங்கே போடும் ஒரு குண்டு, இன்னும் வராத எதிரிகளை விரட்டுகிறது. அதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது உடனே தெரியாது, கொஞ்ச நேரம் கழித்து டெராஸி கூட்டமாக வந்து நிற்கும்போதுதான் தெரியும். எனவே தரையை மனப்பாடம் செய்யும்போது ஒவ்வொரு ஏரியாவிலும் ஸோல்பாக் இருக்கும் இடங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் ஏரியா எண்ணைப் போட்டு, பக்கத்தில் அடையாளங்களை எழுதினால் போதும்: காடு முடிகிற இடம், ஆறு வளைகிற இடம், சாலை பிரிகிற இடம். மற்றப் பீரங்கிகள் அதன் பிறகு தானாகவே நினைவில் ஏறும்.

ஐந்தாம் படி: ஆண்டோர் ஜெனிசிஸ்

நான்காவது ஏரியாவில் முதன்முதலாக இந்தத் தாய்க்கப்பல் வரும். எண்கோண வடிவம், நான்கு பீரங்கிகள், நடுவில் மையக்கரு. ஒலி மாறுவதிலிருந்தே அது வருகிறது என்று புரிந்துவிடும். பறந்தாலும் இதற்கு பிளாஸ்டர்தான் ஆயுதம், ஸாப்பரால் ஒரு பயனும் இல்லை. நான்கு பீரங்கிகளையும் அழித்துவிட்டு மையத்துக்குப் போகலாம் என்று திட்டமிடாதீர்கள். மையத்தில் ஒரு குண்டு விழுந்தால் கப்பலே செயலிழந்துவிடும், 4000 பாயிண்ட், பீரங்கிகளும் அதோடு ஓய்ந்துவிடும்.

செய்ய வேண்டியது இது. ஒலி மாறியதும் திரையின் நடுவரிசைக்கு வாருங்கள். தாய்க்கப்பல் இறங்கத் தொடங்கும்போது குறி மையத்துக்கு நேர்வரிசையில் இருக்கட்டும். குண்டு விழச் சற்று நேரம் ஆகும் என்பதை மறக்காமல், மையம் குறியைத் தொடும் தறுவாயிலேயே அழுத்திவிட்டு, உடனே பக்கவாட்டில் நகருங்கள். தவறினால் பதற வேண்டாம். ஒரு சுற்று சுற்றி வந்து மறுபடி முயலுங்கள். அதை வீழ்த்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சிறிது நேரத்தில் அதுவே திரும்பிப் போய்விடும். கடைசி உயிரோடு இருக்கிறீர்கள் என்றால் தோட்டாக்களைத் தவிர்த்துக்கொண்டு அதைப் போகவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆறாம் படி: 70 சதவீதக் கணக்கு

ஒவ்வொரு ஏரியாவும் காட்டில் தொடங்கிக் காட்டில் முடியும். ஏரியாவின் 70 சதவீதத்தைத் தாண்டிய பிறகு உயிர் போனால், அடுத்த உயிர் அடுத்த ஏரியாவின் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்கும். அதற்கு முன் போனால் அதே ஏரியாவின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும்.

இதைத் தெரிந்து ஆடுபவருக்கும் தெரியாமல் ஆடுபவருக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஏரியாவின் முதல் 70 சதவீதத்தில் எந்த ஆபத்தான குண்டையும் போடாதீர்கள், பாயிண்டுக்கு ஆசைப்படாதீர்கள். அந்தக் கோட்டைத் தாண்டிய பிறகு துணியலாம், அங்கே உயிர் போனாலும் பாதை வீணாகாது. உங்களால் தாண்டவே முடியாத ஒரு ஏரியா இருந்தால், அதை முடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, 70 சதவீதம் வரை மட்டும் எப்படிப் போவது என்று திட்டமிடுங்கள். ஆனால் மதிப்பெண்ணுக்காக ஆடுபவர்களுக்கு இதில் நட்டம் இருக்கிறது: தவிர்த்துவிட்ட மீதிப் பகுதியின் இலக்குகள் எல்லாம் போய்விடும்.

ஏழாம் படி: மறைந்திருப்பவை

சோல் கோபுரங்கள் தரைக்கடியில் ஒளிந்திருக்கும். வெறும் புல்வெளியாகத் தெரியும் இடத்தில் உங்கள் குறி திடீரென ஒளிர்ந்தால் அங்கே ஒரு கோபுரம் இருக்கிறது. முதல் குண்டு அதை வெளியே கொண்டுவரும், 2000 பாயிண்ட். இரண்டாவது குண்டு அழிக்கும், இன்னும் 2000. சோல் இருக்கும் இடம் மாறாது என்பதால் இதையும் ஸோல்பாக் குறித்த அதே நோட்டில் எழுதிக்கொள்ளலாம். நாம்கோவின் இன்னொரு ஆட்டமான ராலி-எக்ஸிலிருந்து வந்த சிறப்புக் கொடியும் இப்படி ஒளிந்திருக்கும். குண்டு போட்டு வெளிப்படுத்தி, அதன் மேல் பறந்தால் எடுத்துக்கொள்ளலாம். இயந்திரத்தின் அமைப்பைப் பொறுத்து அது கூடுதல் உயிர் தரும் அல்லது பாயிண்ட் தரும். உயிர் தரும் அமைப்பு என்றால் எந்த ஆபத்தையும் தாண்டி எடுக்கத் தகுந்தது. தரையில் பெரு நாட்டின் நாஸ்கா கோட்டோவியப் பறவையும் ஒரு இடத்தில் தெரியும், அதை அழிக்க வேண்டியதில்லை, பார்த்து ரசித்துவிட்டுப் போகலாம்.

16-க்குப் பிறகு

ஆட்டத்துக்கு முடிவு என்று ஒன்று இல்லை. 16-வது ஏரியா முடிந்ததும் 7-வது ஏரியாவுக்குத் திரும்புவீர்கள், அங்கிருந்து மறுபடி 16 வரை சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் பயிற்சி நேரத்தைச் சமமாகப் பிரிக்க வேண்டாம். ஒரு நீண்ட ஆட்டத்தில் 1 முதல் 6 வரை ஒரே ஒரு முறைதான் வரும், 7 முதல் 16 வரை திரும்பத் திரும்ப வரும். முதல் ஆறு ஏரியாக்களை உயிர் இழக்காமல் தாண்டும் அளவுக்குப் பழகினால் போதும். பிந்தையவற்றின் தரைக்குத்தான் நினைவு முழுவதும் தேவை. ஸ்கோர் 9,999,990-இல் நின்றுவிடும். அந்த எண்ணைத் தொட்டவர்கள் எல்லோரும் 7 முதல் 16 வரையிலான தரையை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள்தான்.

ஆடுவதற்கு எந்தப் பதிப்பு என்றால், கற்றுக்கொள்ள ஆர்கேட் மூலப் பதிப்பே சிறந்தது. பழைய ஆர்கேட் ஆட்டங்களை மறுபடி வெளியிடும் ஆர்கேட் ஆர்க்கைவ்ஸ் வரிசையில் இன்றைய கருவிகளிலும் கிடைக்கிறது. முடிந்தால் திரையை நெட்டுவாக்கில் திருப்பி வைத்து ஆடுங்கள், படம் பெரிதாகத் தெரியும், தோட்டாக்களைப் படிப்பது எளிது. 1984-இல் வந்த சூப்பர் ஸீவியஸ் ஆர்கேட் பதிப்பை மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம். அது மூல ஆட்டத்தில் தேர்ந்தவர்களுக்காக இன்னும் கடினமாக்கப்பட்டது. அதில் சில புதிய இலக்குகளை அழித்தால் அதுவரை சேர்த்த ஸ்கோர் அப்படியே பூஜ்யத்துக்குப் போய்விடும். மூல ஆட்டத்தில் 16-ஐத் தாண்டி 7-க்குத் திரும்பிய பிறகு அதை எடுத்துக்கொள்ளலாம்.